பசுவுக்கு மருந்து வாங்குதல்: மருந்துச் சீட்டின் பயனும் செலவைக் குறைக்கும் வழியும்

கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வரையிலும், அப்பால் நுவரெலியா வரையிலும் உள்ள மலைச் சரிவுகளில் கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடுவோரிற் பலர் ஒன்றிரண்டு பசுக்களையும் வளர்த்து வருகின்றனர். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துகொண்டு, லயத்தின் பின்புறத்தில் சில பாத்திகள் போடுவோரும் அவ்வாறே செய்கின்றனர். பால், சேகரிப்பு நிலையத்துக்குச் சென்று கைச்செலவுக்குப் பணமாகின்றது. சாணம் பாத்திக்கு எருவாகின்றது. மழையினால் மேல்மண்ணின் சத்துக் கழுவுண்டு போகும் சரிவு நிலத்தில், சாண எரு இன்றி உரப்பையை மட்டும் நம்பி மரக்கறி செய்வோர் சில போகங்களுக்குள்ளேயே நிலம் இறுகிப் போவதைக் காண்பர். பள்ளத்தாக்குகளில் நெல் விளைவிப்போர் சிலருக்கு எருமை இன்னும் உழவுத் துணையாக உள்ளது. ஆகவே கொட்டிலில் நிற்கும் ஒரு மாடு நோயுற்றால், அவ்வீட்டின் பாலும் பயிரும் ஒருங்கே குறைவுபடும்.

இவ்வாறு இன்றியமையாததான பசுவுக்கு வேண்டிய மருந்து இப்பொழுது எளிதில் வாங்கத்தக்க விலையில் இல்லை. இந்நாட்டில் வழங்கும் கால்நடை மருந்துகளிற் பெரும்பாலானவை வெளிநாடுகளிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த மாற்று வீதம், மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டிற்று. அவ்வாண்டில் மனிதருக்குரிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு, பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மார்ச் மாத இறுதியில் திகதி குறிக்கப்பட்டிருந்த சத்திரசிகிச்சைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மனிதருக்கே இந்நிலையெனின், மாட்டு மருந்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி தணிந்த பின்னரும் விலைகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

விலையைக் குறைப்பது கால்நடை வளர்ப்போரின் கையில் இல்லை. ஆயினும் மருந்துக்குச் செலவாகும் பணத்தைக் குறைப்பது பெரிதும் அவர்கள் கையிலேயே உள்ளது. அதற்கு முதற் சாதனம், கால்நடை வைத்தியர் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரும் சீட்டாகும்.

செலவு பெருகும் விதம்

மழைக்காலத்தில் மலைநாட்டுக் கொட்டில்களிற் பெரும்பாலும் நிகழ்வது இது. கன்று ஈன்று இரண்டு மாதமான பசுவின் மடியில் ஒரு காம்பு சற்றுச் சூடாகவும் தடிப்பாகவும் இருக்கின்றது. கறந்த பாலின் முதற் பீச்சலில் சிறு திரள்கள் காணப்படுகின்றன. வீட்டார் அதனைப் பெரிதாக எண்ணாமல் ஓரிரு நாட்கள் கழிக்கின்றனர். மூன்றாம் நாள் பால் குறைந்தவுடன் பட்டணத்துக் கடை ஒன்றுக்குச் சென்று, 'மடி வீங்கியிருக்கிறது, ஏதாவது கொடுங்கள்' என்று கேட்கின்றனர். கடைக்காரர் தம்மிடம் உள்ளதைக் கொடுக்கின்றார். அவர் பசுவைக் கண்டவரல்லர். கொடுத்த மருந்து அந்நோய்க்கு ஏற்றதாயினும், முழு அளவுக்குப் பணம் போதாமல் மூன்று குழாய்களுக்குப் பதிலாக ஒன்றே வாங்கப்படுகின்றது. வீக்கம் சற்றுக் குறைகின்றது. ஒரு வாரத்தின் பின் முன்னிலும் கடுமையாகத் திரும்புகின்றது. அதன் பின்னரே கால்நடை வைத்தியர் அழைக்கப்படுகின்றார். அப்பொழுது விலை கூடிய வேறு மருந்து தேவைப்படுகின்றது. சில வேளை அக்காம்பு அடுத்த ஈற்றிலும் பால் தராமலே போய்விடுகின்றது.

இக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால், முதல் நாளிலேயே வைத்தியரைக் கண்டு, எழுதியபடி முழு அளவும் வாங்கியிருப்பின் ஆகியிருக்கக்கூடிய செலவு இதனிலும் குறைவாகவே இருக்கும். வைத்தியருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நேரே கடைக்குச் செல்வோர், அப்பணத்தைக் கடையிலேயே இருமடங்காகக் கொடுத்துவிட்டு வருகின்றனர்.

அரைகுறையாகக் கொடுத்த மருந்தினால் வேறொரு தீங்கும் உண்டு. நுண்ணுயிர்கொல்லி மருந்து குறைந்த அளவிற் சென்றால், வலிமை குன்றிய கிருமிகள் மடிய, வலிமை மிக்கவை எஞ்சிப் பெருகும். மறுமுறை அதே மருந்து அவற்றை அசைக்காது. அக்கிருமிகள் அந்தக் கொட்டிலோடு நின்றுவிடுவதுமில்லை. கறப்பவரின் கையோடும் கொட்டிற் கழிவுநீரோடும் அயற் கொட்டில்களுக்கும் செல்லும்.

சீட்டில் இருக்க வேண்டியவை

இலங்கையில் கால்நடை வைத்தியம் செய்வோரின் பதிவு, 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடைபெற்று வருகின்றது. பதிவுபெற்ற கால்நடை வைத்தியர் எழுதும் சீட்டே செல்லுபடியானது. தோட்டத்தில் ஊசி போடத் தெரிந்தவர் என்று பெயர் பெற்ற ஒருவர் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பது மருந்துச் சீட்டாகாது.

அச்சீட்டில் மாட்டின் விபரம், நோய், மருந்தின் பெயர், அதன் செறிவு, ஒரு முறைக்குரிய அளவு, எத்தனை நாளுக்கு எத்தனை முறை, வாய்வழியா ஊசியா மடிக்குழாயா என்பது, இறுதி மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பது ஆகியவை தெளிவாக இருத்தல் நன்று. இவற்றுள் மருந்தின் பெயர் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

மருந்து ஒவ்வொன்றுக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று மருந்துப் பொருளின் சொந்தப் பெயர்; மற்றது அதனைச் செய்யும் கம்பெனி போத்தலின் மேல் இடும் வியாபாரப் பெயர். அல்பென்டசோல் என்பது பொருளின் பெயர். அதனையே பல கம்பெனிகள் பல பெயர்களில், பல விலைகளில் விற்கின்றன. சீட்டில் வியாபாரப் பெயர் மாத்திரம் இருந்தால், கடையில் அந்தப் போத்தல் இல்லாதபோது வாங்குவோர் வெறுங்கையோடு திரும்புவர். அல்லது அதற்கு எவ்வளவு கேட்டாலும் கொடுப்பர். பொருளின் பெயர் இருந்தால், 'இதே மருந்து விலை குறைவாக வேறு பெயரில் உண்டா?' என்று நான்கு கடைகளிற் கேட்கலாம்.

இந்த எளிய உண்மையை உலகின் பல நாடுகளுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் இலங்கையரே. பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977), மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயரால் வாங்கி, சொந்தப் பெயரால் எழுதினால் நாட்டின் மருந்துச் செலவு குறையும் என்பதை நிலைநாட்டினார். 1971ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அக்கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக் கடைகளைத் தோட்டப்புற மக்களும் அறிவர். மனிதருக்கென அவர் வகுத்த வழி மாட்டுக்கும் பொருந்தும். பெயரை மாற்றி எழுதும் அதிகாரம் கடைக்காரருக்கு இல்லை, வாங்குவோருக்கும் இல்லை. ஆதலின் சீட்டு எழுதும்போதே வைத்தியரிடம், 'ஐயா, மருந்தின் சொந்தப் பெயரையும் எழுதித் தாருங்கள்' என்று கேட்டுக் கொள்ளுதல் வேண்டும். இவ்வாறு கேட்பது வைத்தியரின் அறிவை ஐயுறுவதாகும் என்று கூச்சப்படுவோர் உளர். அது வேண்டாத கூச்சம். எந்த வைத்தியரும் இதனைக் குறையாக எடுத்துக்கொள்ளார்.

சீட்டைக் கேட்டு வாங்குதல் பற்றிய பேச்சு செல்வம் மிக்க நாடுகளிலும் எழுந்துள்ளது. பிரித்தானியாவில் நாய், பூனை வளர்ப்போர் மருந்தைப் பெரும்பாலும் சிகிச்சை செய்த வைத்தியரிடமே வாங்குவது வழக்கம். சீட்டை எழுதி வாங்கி வேறிடத்தில் மலிவாகப் பெறலாம் என்பதைப் பலர் அறியாதிருந்தனர். அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் இது குறித்து முறையான விசாரணையைத் தொடங்கியது. 2025 ஒக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவில், வேறிடத்தில் வாங்கலாம் என்பதை வைத்தியசாலைகள் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், சீட்டு எழுதும் கட்டணம் 16 பவுணுக்கு மேற்படலாகாது என்றும் அது முன்மொழிந்தது. இந்தியாவில் 2025 மார்ச் மாதத்தில் மத்திய அமைச்சரவை, கால்நடைகளுக்கான மருந்துகளைச் சொந்தப் பெயரில் மலிவு விலைக்கு விற்கும் 'பசு ஔஷதி' என்னும் ஏற்பாட்டுக்கு 75 கோடி ரூபா ஒதுக்க அனுமதித்தது. பசு என்பது அங்கே கால்நடை அனைத்தையும் குறிக்கும் வடசொல்லாகும்.

மாட்டின் நிறையும் மருந்தின் செறிவும்

மருந்தின் அளவு மாட்டின் நிறையைப் பொறுத்தது. நிறையைக் கண்மதிப்பாகச் சொல்வோர் பெரும்பாலும் தவறுவர். பெரிய மாட்டைக் குறைத்தும், வயிறு பெருத்த மாட்டைக் கூட்டியும் சொல்வது வழக்கம். குறைத்துச் சொன்னால் மருந்து வேலை செய்யாது. கூட்டிச் சொன்னால் பணமும் மாடும் கெடும். தராசு இல்லாத இடத்தில் தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும்.

மாட்டைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். பின்னர் தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணாற் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோகிராமில் நிறை கிடைக்கும். உதாரணமாக, சுற்றளவு 64 அங்குலமும் நீளம் 54 அங்குலமும் உள்ள பசுவுக்கு, 64ஐ 64ஆற் பெருக்க 4,096. அதனை 54ஆற் பெருக்க 2,21,184. அதனை 660ஆல் வகுக்க 335 கிலோகிராம். பாடசாலை செல்லும் பிள்ளை ஒன்று இதனைச் சில நிமிடங்களிற் செய்து கொடுத்துவிடும். நிறைசினையான பசுவில் இக்கணக்குச் சற்றுப் பிழைபடலாம் என்பதை நினைவிற் கொள்க.

இந்த எண்ணைத் துண்டொன்றில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் செல்வது பெரும் உதவியாகும். மாட்டை அழைத்துச் செல்ல இயலாதபோது இது இன்னும் அவசியம்.

அடுத்தது செறிவு. வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மேலே கூறிய 335 கிலோகிராம் பசுவுக்குக் குடற்புழுவுக்காக வைத்தியர் கிலோகிராமுக்கு 7.5 மில்லிகிராம் வீதம் அல்பென்டசோல் எழுதினார் என்று கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 2,500 மில்லிகிராம் தேவை. நூற்றுக்கு 2.5 வீதச் செறிவுள்ள கரைசலில் ஒரு மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம் மருந்து உண்டு. ஆகவே 100 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். நூற்றுக்கு 10 வீதக் கரைசலாயின் ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உண்டு. 25 மில்லிலீற்றரே போதும். ஒரு லீற்றர் கொண்ட பெரிய 2.5 வீதப் போத்தலிலும், 250 மில்லிலீற்றர் கொண்ட சிறிய 10 வீதப் போத்தலிலும் இருக்கும் மருந்து ஒரே அளவானது. இரண்டாலும் பத்துப் பசுக்களுக்கே மருந்து கொடுக்கலாம். பெரிய போத்தலைக் கண்டு 'இது நிறைய இருக்கிறது' என்று கூடிய விலை கொடுப்போர், அதிகப்படியாக வாங்குவது கரைசற் திரவத்தையே. ஆகவே விலையை ஒப்பிடும்போது போத்தலுக்கு எவ்வளவு என்று கேளாமல், இந்தப் பசுவுக்கு ஒரு முறைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இதிலேயே ஒரு பேராபத்தும் உள்ளது. முன்பு 2.5 வீதக் கரைசலில் 100 மில்லிலீற்றர் கொடுத்துப் பழகியவர், இம்முறை கடையில் 10 வீதக் கரைசலைப் பெற்று, பழக்கத்தின்படி 100 மில்லிலீற்றரே ஊற்றினால், பசு நான்கு மடங்கு மருந்தைக் குடிக்கும். போத்தல் மாறினால் அளவும் மாறும் என்பதை மறக்கலாகாது. மேலும், கருவுற்றுச் சில வாரங்களேயான பசுவுக்கு அல்பென்டசோல் கொடுத்தால் கருவுக்குத் தீங்கு நேரலாம். ஆகவே சினைப்படுத்திய திகதியை வைத்தியரிடம் சொல்லாமல் இருத்தல் கூடாது. ஆட்டுக்கு மாட்டின் கணக்கு ஒவ்வாது. அதற்கு வேறாக எழுதி வாங்க வேண்டும்.

ஒரே லயத்தில் நாலைந்து வீட்டார் பசு வளர்ப்பின், எல்லாப் பசுக்களின் நிறையையும் எழுதிக்கொண்டு, ஒரே நாளில் வைத்தியரைக் கண்டு சீட்டுப் பெற்று, குடற்புழு மருந்தைப் பொதுவாக வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளலாம். வைத்தியரை மலைக்கு வரவழைக்கும்போது ஆகும் பயணச் செலவும் அவ்வாறே பங்கிடப்படும். ஆயினும் திறந்த ஊசி மருந்துக் குப்பியை வீட்டுக்கு வீடு கொண்டு செல்வது கூடாது. ஊசித் துளை வழியே கிருமி புகுந்த மருந்து, நோயையே ஏற்றும்.

மருந்து மலிவு, கை அரிது: பாற்காய்ச்சல்

மருந்தைவிட வைத்தியரின் கையே முக்கியமான நோய்களும் உள. அவற்றுள் பாற்காய்ச்சலை மலைநாட்டார் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். மலையின் குளிருக்கு ஏற்றவை என்று இங்கு வளர்க்கப்படும் பிரீசியன், ஜேர்சி, அயர்ஷியர் இனங்களும் அவற்றின் கலப்புகளும் நிறையப் பால் தருபவை. கன்று ஈன்றவுடன் மடியில் திடீரெனப் பால் சுரக்கும்போது இரத்தத்திலுள்ள கல்சியம் பாலோடு வடிந்துவிடுகின்றது. மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, நன்கு கறக்கும் பசுக்களில், ஈன்ற மூன்று நாட்களுக்குள் இது பெரும்பாலும் நிகழும். ஜேர்சிப் பசுவில் இன்னும் மிகுதி.

பெயர் காய்ச்சல் எனினும் உடல் சுடாது. காது குளிர்ந்து, மூக்கு உலர்ந்து, பசு தள்ளாடி விழும். கழுத்தை வளைத்துத் தலையை விலாப்புறம் சாய்த்துக் கொள்ளும். சாணமும் மூத்திரமும் தடைப்படும். கவனியாது விட்டால் சில மணி நேரத்தில் மடியும். இதற்குரிய கல்சியம் கரைசலை உரிய வேளையில் நாளத்தில் ஏற்றினால், விழுந்து கிடந்த பசு, நோயே கண்டதில்லை என்பது போல எழுந்து நிற்பதைக் காணலாம். ஆனால் அதனை மிக மெதுவாகவும், நெஞ்சுத் துடிப்பைக் கவனித்துக்கொண்டும் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இருதயம் நின்று பசு ஊசி முனையிலேயே மடிந்துவிடும். போத்தலை வாங்கி வைத்துக்கொண்டு பழக்கமில்லாத ஒருவரைக் கொண்டு ஏற்றுவிப்பது தகாது.

வைத்தியர் வரும்வரை பசுவைப் பக்கவாட்டில் மல்லாந்து கிடக்க விடாமல், சாக்குகளில் வைக்கோலோ மானாப்புல்லோ அடைத்து இருபுறமும் முட்டுக் கொடுத்து, நெஞ்சின் மேல் நிமிர்ந்து இருக்கச் செய்ய வேண்டும். வாயில் கஞ்சி, கசாயம், எண்ணெய் எதுவும் ஊற்றலாகாது. விழுங்கும் வலுவற்ற பசுவுக்கு ஊற்றியது நுரையீரலுக்குச் சென்றுவிடும். பாற்காய்ச்சலிலிருந்து தப்பிய பசு, ஊற்றிய கஞ்சியினால் மடிந்ததுண்டு. இந்நோய் இரவிலும் நேரக்கூடுமாதலால், ஈற்றுக் காலம் நெருங்கும்போதே கால்நடை வைத்தியரின் தொலைபேசி எண்ணைக் கொட்டில் மரத்தில் எழுதி வைத்தல் நலம்.

மடிவீக்கமும் வீட்டு மருந்தும்

மடிவீக்கத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் கறக்கும்முன், காம்புக்கு இரண்டு மூன்று பீச்சல்களைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். திரளோ நீர்த்தன்மையோ இருப்பின் துணியில் தெரியும். கறந்தபின் அரை மணி நேரம் பசு படுக்காதிருக்கப் புல் போடுதல், கொட்டில் தரையை உலர வைத்தல், நோயுற்ற பசுவைக் கடைசியிற் கறத்தல் ஆகியவை மருந்துச் செலவைக் குறைக்கும் வேலைகளே. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையை உலர வைப்பது சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. ஆயினும் பலகைத் தளமும் ஓடும் சிறு வாய்க்காலும் பெரிதும் உதவும்.

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியற் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய வீட்டு மருந்தொன்றை இந்தியாவின் தேசிய பாற்பண்ணை அபிவிருத்திச் சபையும் பசு வளர்ப்போரிடையே எடுத்துச் செல்கின்றது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, நீர் சேர்த்து இளக்கி, மடியைக் கழுவிய பின் நாளொன்றுக்குப் பத்து முறை அளவில் ஐந்து நாட்கள் பூசுவது அம்முறை. கொட்டகலையின் குளிருக்கும் ஈரத்துக்கும் கற்றாழை நன்கு வளராது. சாடியில் வைத்துக் கூரையின் கீழ்க் காக்க வேண்டும். நோயின் தொடக்கத்தில் இது பயன் தரும். பசு தீனி எடாமல், உடல் சுட்டு, பாலில் இரத்தமோ சீழோ கண்டால் பூச்சை நம்பிக் காலம் போக்குதல் கூடாது.

மடிக்குழாய் மருந்து ஏற்றிய பசுவின் பாலை, சீட்டிலோ உறையிலோ குறித்த நாட்கள் முடியும்வரை விற்கவும் கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. விற்கக் கூடாதென்று வைத்த பாலை வீட்டுக்கு எடுத்துக் கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பென்சிலின் ஒவ்வாத பிள்ளைக்கு அப்பால் நஞ்சாகும். நுண்ணுயிர்கொல்லி கலந்த பால் தயிராக உறையாது. ஒருவரின் பால் சேர்ந்தால் சேகரிப்பு நிலையத்தில் மற்றவர்களின் பாலும் கெடும். ஆதலின் மருந்தின் விலையைக் கணக்கிடும்போது, விலக்க வேண்டிய பாலின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விலை குறைந்த மருந்து பல நாள் பாலை விலக்கச் செய்வதாயின் அது மலிவன்று. இரு மருந்துகளும் நோய்க்கு ஏற்றவையாயின், எது குறைந்த நாள் பாலை விலக்குகிறது என்று வைத்தியரைக் கேட்டு எழுதுவித்தல் நன்று.

பயிர் நஞ்சு மாட்டு மருந்தன்று

மரக்கறி செய்வோரிடையே உள்ள ஒரு வழக்கத்தை இங்குக் கண்டித்தே ஆக வேண்டும். உண்ணி மருந்தின் விலைக்கு அஞ்சி, கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கும் பூச்சிநாசினியை நீரிற் கலந்து பசுவின் மேல் தேய்ப்பதும், நாயைக் குளிப்பாட்டுவதும் அவ்வழக்கம். பயிருக்குரிய நஞ்சு தோலின் வழியே உடலிற் புகும். பசு தன்னையே நக்குவதால் வாய் வழியும் புகும். வாயில் நீர் வடிதல், தசை துடித்தல், கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறுதல் ஆகியவை அதன் குறிகள். அப்பொழுது உடனே நிறைய நீரால் உடலைக் கழுவி, நஞ்சுப் போத்தலின் உறையோடு வைத்தியரை நாட வேண்டும். உறையைக் கண்டால்தான் மாற்று மருந்து எதுவென அவர் தெளிவார். கழுவுவோர் கையுறை அணிதல் வேண்டும். உண்ணி மருந்துக்கும் சீட்டுப் பெற்று, பொருளின் பெயரால் வாங்கினால் அதன் விலை அத்துணை அச்சுறுத்தாது.

லயத்து நாய், பூனைகளுக்கு வீட்டிலுள்ள மனித மருந்தைக் கொடுப்பதும் இதனை ஒத்தது. பரசிட்டமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்குரிய சில தெள்ளு மருந்துகளும் பூனைக்கு ஆகா. மனிதருக்குரிய மருந்தையே நாய்க்கு ஏற்ற அளவிற் கால்நடை வைத்தியர் எழுதுவது உண்டு. அவ்வாறு எழுதிய சீட்டைச் சாதாரண மருந்துக் கடையிற் கொடுத்தே வாங்கலாம். அது மலிவாகவும் இருக்கும். எழுதியவர் வைத்தியராக இருத்தலே முக்கியம். விசர் நாய்க்கடியைத் தடுக்க நாய்களுக்கு இடும் ஊசியை அரசாங்கம் இலவசமாகவே இடுகின்றது. அந்நாள் அறிவிக்கப்படும்போது நாயைக் கட்டிக் கொண்டு செல்லாமல் விடுவோர், பின்னர் பிள்ளையைக் கடித்த பின் வைத்தியசாலைக்கு அலைய நேரும்.

சீட்டையும் மருந்தையும் பேணுதல்

கடையில் மருந்தைப் பெற்றவுடன் பெயர், செறிவு, காலாவதித் திகதி ஆகியவற்றைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறையிலுள்ள எழுத்து ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து விளங்காவிடின், அளவையும் நாட்களையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு, போத்தலிலேயே ஒட்டிக் கொள்ள வேண்டும். கொட்டிலில் மருந்து கொடுப்பவர் வீட்டுத் தலைவராகவே இருப்பார் என்பதில்லை. கொழுந்து பறித்து மாலையில் திரும்பும் பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பாலும் அதனைச் செய்கின்றனர். அவர்கள் வாசித்தறியும் எழுத்தில் அளவு இருத்தல் வேண்டும். பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெறுக. மருந்து கெட்டிருந்தால் திருப்பிக் கொடுப்பதற்கு வேறு சான்று இல்லை.

பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சினைப்படுத்திய நாள், ஈன்ற நாள், நிறை, கொடுத்த மருந்து, விலை, பால் விலக்கிய நாட்கள் ஆகியவற்றைக் குறித்து, சீட்டுகளையும் அதில் ஒட்டி வைக்கலாம். அடுத்த முறை வைத்தியர் வேறொருவராயினும், முன்பு எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்பதை அக்கொப்பி அவருக்குச் சொல்லும். பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை மீண்டும் வாங்குவது மட்டும் கூடாது. சென்ற வருடத்து வீக்கமும் இவ்வருடத்து வீக்கமும் ஒரே கிருமியால் வந்தவை என்பதற்கு உறுதி இல்லை.

எஞ்சிய மருந்தை வெயில் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பயிர் நஞ்சுகளினின்றும் வேறாக வைக்க வேண்டும். லயத்து அடுப்படிப் பரண் புகையும் சூடும் உள்ளது; மருந்துக்கு ஏற்றதன்று. குளிரில் வைக்க வேண்டிய தடுப்பூசி மருந்தை வீட்டில் வைத்திருக்க முற்படாமல், வைத்திய அலுவலகத்தார் கொண்டு வரும் நாளிற் போட்டுக் கொள்வதே தக்கது. அந்நாட்களையும், கால், வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரிய தடுப்பூசி பற்றிய விபரங்களையும் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறியலாம். செல்லும்போது மாட்டின் நிறை எழுதிய துண்டையும் கொப்பியையும் உடன் கொண்டு செல்க.